பெருக்கல் வாய்பாடும் பிரயாணியும்

அந்நிய தேசத்தில் பிரயாணம் செய்கிறவன் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், எந்த உணவுச்சாலையின் விலைப்பட்டியலைப் புரட்டினாலும், அதில் கண்ட தொகையை உடனே மனத்துக்குள் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, அதற்குப் பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும் என்பது நம்மவரிடையே ஏறக்குறைய ஒரு தர்மசாஸ்திரத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிட்ட அபிப்பிராயம். விமானம் ஏறுமுன் பெரியவர்கள் சொல்லியனுப்பும் புத்திமதியும் இதுதான்; போய்வந்தவர்கள் போகப்போகிறவர்களுக்கு வழங்கும் அநுபவ ஞானமும் இதுதான்; இந்தக் கணக்குக்கென்றே கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளாமல் இப்போது அநேகமாக யாரும் புறப்படுவதில்லை. பெருக்குகிறவன் விவேகி, பெருக்காதவன் ஊதாரி என்ற பாகுபாடும் கேள்வியின்றி நிலவுகிறது. இந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், சிக்கனத்தின் வேஷத்தில் உலவும் இப்பழக்கம் பிரயாணியைச் சிக்கனத்திலிருந்து வெகுதூரம் விலக்கி, சில சமயம் நேரான நஷ்டத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதும் என் கட்சி.

எதிர்க்கட்சிக்கு முதலில் நியாயம் செய்துவிடுவோம். இப்பழக்கம் அறியாமையில் பிறந்ததன்று. 1966 ஜூன் மாதத்தில், டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த மதிப்பு ஒரே நாளில் 7.50 ரூபாயாக மாறியதைக் கண்டவர்களும், எழுபதுகளில் 8 டாலருக்கு மேல் கையில் எடுத்துச் செல்ல அநுமதியில்லாத நிலையில் கடல் கடந்து போனவர்களும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் அமலில் இருந்த அக்காலத்தில் வெளிநாட்டு நாணயம் என்பது எளிதில் கிட்டாத பண்டம். அதில் ஒரு காசைச் செலவிடுவது ரேஷன் சர்க்கரையில் ஒரு கரண்டியை எடுப்பதற்குச் சமானமாக இருந்தது. அவர்கள் ஒவ்வொரு காப்பிக்கும் கணக்குப் போட்டதில் வியப்பேது? ஆனால் அந்தச் சட்டம் போய் அதனினும் இளகிய ஒரு சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. இன்று ஒரு தனிமனிதர் ஓராண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பவும் செலவிடவும் ரிசர்வ் வங்கி இடமளிக்கிறது. தட்டுப்பாடு போய்விட்டது, தட்டுப்பாட்டில் பிறந்த கணக்கு மட்டும் குலாசாரம்போல் பேரன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நாணயமாற்று விகிதம் என்பது எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால், இந்த வாய்பாட்டின் அஸ்திவாரமே ஆட்டம் காணும். அது எல்லையைக் கடக்கும் பணத்தின் விலை. எல்லையைக் கடந்து போகும் எண்ணெய், எஃகு, கருவிகள், கடன் பத்திரங்கள் ஆகியவற்றின் வரவுசெலவில் நிர்ணயமாகும் விலை. முடிதிருத்துகிறவரின் கத்தரிக்கோல் வேலையும், பஸ் ஓட்டுநரின் ஒரு நாள் உழைப்பும், சமையற்காரர் கொதிக்கவைக்கும் குழம்பும் கப்பலேறி எல்லை கடப்பதில்லை. ஸ்வீடன் தேசத்துப் பொருளியலறிஞர் குஸ்தாவ் காஸல் 1918-இல் வாங்கும் சக்தியின் சமநிலை என்ற கோட்பாட்டுக்குப் பெயர் சூட்டினார். அந்தச் சமநிலை நடைமுறையில் ஏன் ஏறுமாறாகவே இருக்கிறது, செல்வ நாடுகளில் சேவைகள் ஏன் அத்தனை விலையேறியும் ஏழை நாடுகளில் அத்தனை மலிந்தும் கிடக்கின்றன என்பதற்கு 1964-இல் பேலா பலாஸாவும் பால் சாமுவேல்சனும் தனித்தனியே விளக்கம் தந்தார்கள். சரக்கு உற்பத்தியில் ஒரு நாடு திறமை பெறப்பெற அந்நாட்டின் கூலி முழுவதும் உயர்கிறது. அந்த உயர்வு, திறமையில் நம்மூர்க்காரருக்கு எவ்விதத்திலும் மேம்படாத முடிதிருத்துகிறவரின் கூலியையும் கூடவே தூக்கிவிடுகிறது. ஆகவே டோக்கியோவில் முடி திருத்திக்கொண்டு ஆயிரத்துச் சொச்சம் யென்னை நீட்டும்போது அதை ரூபாயாக்கி அங்கலாய்க்கிற நம் அன்பர், உண்மையில் முடிதிருத்தும் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. ஜப்பானியத் தொழிற்சாலைகளின் உற்பத்தித் திறனைக் குறித்துப் பெருமூச்சு விடுகிறார். விடட்டும்; ஆனால் அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

ஜப்பானையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். ஏனெனில் விலையுயர்ந்த தேசம் என்று நம்மவர் ஒருவாய்ப்படச் சொல்வது அதைத்தான். 2011-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு டாலருக்கு 75 யென் என்ற அளவுக்கு ஓங்கியிருந்த அந்நாணயம், 2024 ஜூலையில் டாலருக்கு 161 யென் வரை சரிந்தது. அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறியதும், ஜப்பானில் அது பூஜ்யத்தை ஒட்டியே கிடந்ததும் இச்சரிவுக்குத் தலையாய காரணங்கள். ரயில் நிலையத்தில் நின்றபடியே உண்ணும் ஸோபா நூடுல்ஸ் கிண்ணத்தின் விலை இந்தக் காலத்தில் சிறிது ஏறியிருக்கலாம்; ஆனால் அதை அவசரமாக உறிஞ்சிவிட்டு ஓடும் டோக்கியோ குமாஸ்தாவுக்கு அது நேற்றும் அற்பச் செலவு, இன்றும் அற்பச் செலவு. தன் நாட்டு நாணயத்தில் பெருக்கிப் பார்க்கும் பிரயாணிக்கோ அதே கிண்ணம் ஒரு பருவத்தில் கொள்ளை விலையாகவும் மறு பருவத்தில் தரும விலையாகவும் தோன்றும். கிண்ணம் மாறவில்லை, குழம்பு மாறவில்லை, அதைத் தயாரிப்பவரின் சிரமமும் மாறவில்லை. வாஷிங்டனில் சிலர் கூடி வட்டியை உயர்த்தினார்கள் என்ற செய்தியைத்தான் அந்த வாய்பாடு அவருக்குத் தெரிவித்தது. எது மலிவு எது கிராக்கி என்று அந்த நாட்டுக்குள் தெரிந்துகொள்ள இந்த அளவுகோலைப் பயன்படுத்துவது, நாழியைக் கொண்டு புடவையின் நீளத்தை அளப்பதற்கு ஒப்பானது.

இதைவிட முக்கியமான வேறொரு நியாயம் உண்டு. சாதாரணக் கணிதமே அதற்குச் சாட்சி. பிரயாணத்தின் நடுவே ஒருவர் செய்யவேண்டியிருக்கும் தீர்மானங்கள் எல்லாம் இதுவா அதுவா என்ற ரகத்தைச் சேர்ந்தவை: பஸ்ஸா டாக்ஸியா, தனித்தனிச் சீட்டா மொத்தப் பாஸா, இந்த விடுதியா அந்த விடுதியா. இரண்டு தொகைகளையும் ஒரே எண்ணால் பெருக்கினால் எது பெரிது எது சிறிது என்பது மாறப்போவதில்லை என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும்; ஆகவே தீர்மானத்துக்கு ரூபாய் ஒரு துரும்பளவும் உதவுவதில்லை. உதவாததோடு நின்றால் பாதகமில்லை, கண்ணையும் மறைக்கிறது. கியோட்டோ நகரத்து மாநகர பஸ்ஸில் பெரியவர் ஒருவருக்கு, ஒரே சீரான கட்டணம் உள்ள பகுதிக்குள் எவ்வளவு தூரமானாலும் 230 யென். நான்கு பெரியவர்களுக்கு 920. அங்கே டாக்ஸியின் தொடக்கக் கட்டணம் 500 யென் அளவில் இருப்பதால், கூப்பிடு தொலைவுக்குச் சற்று அதிகமான ஒரு சவாரிக்கு நால்வராகச் செல்வோருக்கு டாக்ஸியே மலிவு. ஆனால் ஜப்பானில் டாக்ஸியா என்று முதல் நாளே பெருக்கிப் பார்த்துப் பயந்துபோன குடும்பத்தலைவர், அந்தச் சிறிய கூட்டலைச் செய்யவே மாட்டார். நெரிசலான பஸ்ஸில் மூட்டைகளோடு நின்றுகொண்டு, தாம் பணத்தைக் காப்பாற்றிவிட்டதாகத் திருப்தி அடைவார்.

ரயில் பாஸின் கதை இதைக் காட்டிலும் ரசமானது. அந்நியப் பிரயாணிகளுக்கென்று ஜப்பானிய ரயில்வே நிறுவனங்கள் விற்கும் ஏழு நாள் பாஸ், 2023 அக்டோபர் வரையில் 29,650 யென்னுக்குக் கிடைத்தது. அந்த மாதம் ஒரே தாவலில் 50,000 யென் ஆயிற்று. டோக்கியோவிலிருந்து ஒஸாகாவுக்கு அதிவேக ரயிலில் ஒருமுறை போக ஏறக்குறைய 14,000 யென் ஆகுமென்றால், பழைய விலையில் போய்த் திரும்புவதோடு இன்னொரு சிறிய பயணம் சேர்ந்தாலே பாஸுக்குப் பலன் கிடைத்துவிடும். புதிய விலையிலோ அதே பயணத்துக்குப் பாஸ் வாங்குவது சுத்த நஷ்டம். இந்த வித்தியாசத்தை யென்னை யென்னோடு வைத்துப் பார்க்கிறவன் இரண்டு நிமிஷத்தில் கண்டுகொள்வான். ரூபாயில் யோசிக்கிறவனோ, ஒவ்வொரு தனிச் சீட்டின் ரூபாய் விலையும் தன்னை ஒவ்வொரு நாளும் குத்துமே என்ற பீதியில், ஒரே குத்தாக முன்கூட்டி வாங்கிக்கொள்கிறான். நிம்மதிக்காகக் கொடுத்த விலை என்று அவன் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நிம்மதியைக் கெடுத்ததும் அவனுடைய கணக்கே அல்லவா?

இந்தக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க ஓர் அற்புதமான பரீட்சைக் களம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பூட்டானின் நாணயமாகிய ஙுல்ட்ரம் நம் ரூபாயோடு சரிக்குச் சரியாகப் பிணைக்கப்பட்டது. நம் நோட்டும் அங்கே பெருவாரியாகச் செல்லுபடியாகும். பெருக்க வேண்டிய எண் ஒன்று. பெருக்கிப் பார்ப்பதே விவேகம் என்ற வாதம் சத்தியமானால், இந்தியப் பிரயாணி உலகத்திலேயே மிகவும் தெளிந்த புத்தியோடு செலவு செய்யும் இடம் திம்புவாகத்தானே இருக்க வேண்டும்? அங்கேயும் அவர் திண்டாடுகிறார். இரவொன்றுக்கு 1,200 ரூபாய் வீதம் இந்தியரிடம் வசூலிக்கப்படும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் அதிகமா குறைவா என்று எந்த வாய்பாடும் அவருக்குச் சொல்வதில்லை. மற்ற நாட்டவர் பெரும்பாலோர் 100 டாலர் செலுத்துகிறார்கள் என்று அறிந்த பிறகுதான் அது புரிகிறது. எல்லை நகரமாகிய ஃபுன்ட்ஷோலிங் வழியே லாரியில் மலையேறி வரும் பண்டம் எது, அந்த மண்ணிலேயே விளையும் சிவப்பரிசியும் மிளகாயும் எவை என்று பிரித்தறிந்த பிறகே உணவு விலையின் நியாயம் விளங்குகிறது. எண் ஒன்றாகவே இருந்தபோதிலும் விலைகளை அந்த ஊரின் மண்ணையும் பாதையையும் கொண்டுதான் அறிய வேண்டியிருக்கிறது என்றால், எண் முந்நூறாகவோ அரையாகவோ இருக்கும் இடத்தில் பெருக்கல் என்ன புதிய ஞானத்தைத் தந்துவிடப்போகிறது? நூறு இந்திய ரூபாய்க்கு 160 என்று 1993 முதல் நிலையாக நிற்கும் நேபாள ரூபாயிலும் இதே கதைதான்.

இதுவரை சொன்னது, பெருக்கிப் பார்ப்பவர் அநாவசியமாகக் கஷ்டப்படுகிறார் என்பது. அநாவசியமாகச் செலவும் செய்கிறார் என்பதற்கு வியட்நாம் சாட்சி. அங்கே ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ முந்நூறு டாங். ஹனோய் நகரத்துச் சந்துகளில், சிறிய பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து உள்ளூர்க்காரர் உண்ணும் ஒரு கிண்ணம் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பின் விலை ஐம்பது, அறுபதாயிரம் டாங் சுமாரில் இருக்கும். அதே கிண்ணத்துக்கு ஏரிக்கரையை ஒட்டிய, மேஜை விரிப்பிட்ட கடை ஒன்று லட்சத்து ஐம்பதாயிரம் கேட்டால், நம் அன்பர் என்ன செய்கிறார்? கைபேசியை எடுத்துப் பெருக்குகிறார். ஐந்நூறு ரூபாய் என்று வருகிறது. நம் ஊர் நட்சத்திர ஓட்டலில் ஒரு சூப்புக்கே இதைவிட அதிகம் என்று சந்தோஷத்தோடு கொடுத்துவிட்டு வருகிறார். மூன்று மடங்கு விலை கொடுத்தது அவர் கண்ணுக்குப் படவே இல்லை. ஏனென்றால் அவர் ஒப்பிட்டது அடுத்த சந்தின் கிண்ணத்தோடு அன்று, சென்னையின் சூப்போடு. பிரயாணிகளை நம்பிப் பிழைக்கிற கடைக்காரர்கள் அவரவர் தேசத்து மனக்கணக்கை நன்கு அறிந்தவர்கள். வந்தவனுடைய வாய்பாட்டில் எந்த விலை மலிவாகத் தெரியும் என்பதை அவனைவிட அவர்கள் திறமையாகக் கணிக்கிறார்கள். அதே மனிதர் மறுநாள் காலையில் சந்தையில் பழம் விற்கும் கிழவியிடம் பத்தாயிரம் டாங்குக்காகக் கால் மணி நேரம் வாதாடுவார். பத்தாயிரம் என்ற ஒலி பெரிது. அதன் மதிப்பு முப்பத்துச் சொச்சம் ரூபாய். பெருக்க வேண்டிய இடத்தில் பெருக்க மறந்தார் என்று எதிர்க்கட்சியார் இதைத் தமக்குச் சாதகமாகக் காட்டக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஊரில் பத்தாயிரம் டாங் என்பது என்ன வாங்கும் என்று தெரிந்திருந்தால் பெருக்கவும் வேண்டியதில்லை, வாதாடவும் வேண்டியதில்லை.

அந்த நாட்டு நோட்டுகளையாவது அவர் ஊன்றிப் பார்க்கிறாரா என்றால் அதுவும் இல்லை. ஹோ சி மின் முகம் எல்லா நோட்டிலும் ஒன்றுபோலச் சிரிக்கிறது. 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். ஒன்றின் பின்புறம் ஹோய் ஆன் நகரத்து ஜப்பானியப் பாலம், மற்றொன்றில் தலைவர் வளர்ந்த கிராமத்து வீடு. ஒன்று சற்றுச் சிறிது, மற்றொன்று சற்றுப் பெரிது. உள்ளூர்க்காரர்களோ பேச்சில் ஆயிரத்தையே விழுங்கிவிட்டு, ஐம்பதாயிரத்தை வெறும் ஐம்பது என்பார்கள். கிட்டத்தட்ட அறுபத்தைந்து ரூபாய்க்கும் ஆயிரத்தறுநூறு ரூபாய்க்கும் இடையேயுள்ள இந்த மயக்கத்தைத் தவிர்க்க ஒரே வழி நோட்டை நோட்டாகப் பார்த்துப் பழகுவது. மனம் பெருக்கலில் ஆழ்ந்திருக்கிறவனுக்குக் கையில் இருப்பது என்ன நோட்டு என்பது தெரியாது.

இனி, இப்பழக்கத்தையே முதலீடாக வைத்து நடக்கும் ஒரு வியாபாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் அட்டையைச் செருகியதும் அந்தச் சிறு கருவியின் திரையில் ஒரு வினா எழுகிறது: இத்தொகையை இந்த நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா, உங்கள் ரூபாயிலேயே செலுத்துகிறீர்களா? ஏ.டி.எம். இயந்திரமும் இதே உபசாரத்தைச் செய்வதுண்டு. தலைமுறை தலைமுறையாக ரூபாயில் யோசித்துப் பழகிய நம் மனிதருக்கு இதைக் காட்டிலும் இனிய வினா ஏது? பெருக்கும் சிரமத்தையும் யாரோ ஏற்றுக்கொண்டார்கள் என்று மகிழ்ந்து ரூபாய் என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார். அழுத்திய கணமே, மாற்று விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அவருடைய அட்டையை நடத்தும் வலைப்பின்னலிடமிருந்து நழுவிக் கடைக்காரரின் வங்கியிடமோ அதன் கூட்டாளியிடமோ போய்ச் சேருகிறது. அவர்கள் தங்கள் லாபத்தை விகிதத்துக்குள்ளேயே ஒளித்து வைத்து, கடைக்காரருக்கும் ஒரு பங்கு கொடுக்கிறார்கள். மறுத்திருந்தால் தம் வங்கி விதிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தோடு போயிருக்கும். சம்மதித்ததால் அதைவிட மிகுதியாகப் போவதே வழக்கம். ரூபாயில் செலுத்தினாலும் வெளிநாட்டுக் கடை என்ற காரணத்துக்காக நம் வங்கிகளில் சில தனியே ஒரு கட்டணம் விதிப்பதும் உண்டு. அப்போது இருமுனையிலும் அடி. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளின் நாணயங்களுக்கிடையே நடக்கும் இத்தகைய மாற்றத்துக்கு, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் வாங்கப்படுகிறது என்பதை முன்கூட்டியே காட்டியாக வேண்டும் என்று 2019-இல் விதி செய்து, 2020 ஏப்ரல் முதல் அமல்படுத்தியது. இந்த விஷயத்தில் அரசாங்கங்களே தலையிட்டிருப்பது போதாதென்றால், கருவியின் வினாவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சொந்த நாணயத்தில் விலை தெரிந்தால்தான் மனம் அமைதி கொள்ளும் என்ற பலவீனம் இல்லாதவர்களிடம் இந்த வியாபாரத்துக்கு வேலையே இல்லை.

நாம் ரூபாயில் சம்பாதிக்கிறோம், ரூபாயில்தான் கடனை அடைக்க வேண்டும், எனவே ரூபாயில்தான் யோசிக்க முடியும் என்பது எதிர்க்கட்சியாரின் இறுதி அரண். இதன் முதற்பகுதியை நான் மறுக்கவில்லை, முடிவைத்தான் மறுக்கிறேன். ரூபாயில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: அது வீட்டு மேஜை. பிரயாணத்துக்கு எவ்வளவு ஒதுக்க முடியும், அந்த நாட்டின் சாமானியச் செலவுக்கு அது தாங்குமா என்பதைப் புறப்படுமுன் அங்கே உட்கார்ந்து யோசித்து, தாங்காதென்றால் நாட்களைக் குறைக்கவோ நாட்டையே மாற்றவோ வேண்டும். அந்தப் பெருக்கல் ஒருமுறை முடிந்த பிறகு, கையிலிருப்பது யென், செலவாவது யென், மிஞ்சுவதும் யென். நாள் ஒன்றுக்கு இத்தனை யென் என்று வகுத்துக்கொண்டவருக்கு, ரயில் நிலையத்து ஸோபா எத்தனை, நகர பஸ் எத்தனை, வேலைக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை செலவிடுகிறார்கள் என்ற இரண்டு மூன்று விலைகள் தெரிந்தால் போதும். மற்றவையெல்லாம் அவற்றை ஒட்டித் தாமே வரிசையில் வந்து நிற்கும். ஒற்றை 500 யென் காசில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது என்பது ஜப்பானியக் குமாஸ்தாக்களிடையே நெடுநாளாக நிலவும் ஓர் இலக்கு. நம்மவரோ அந்தக் காசை, காசு என்ற ஒரே காரணத்தால் சில்லறையோடு சில்லறையாகப் பையின் அடியில் போட்டு வைக்கிறார்கள்.

புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நாக்குக்கு அதன் நியாயம் உண்டு, மரக்கறி உணவுக்காரருக்கு அந்தக் கட்டாயமும் உண்டு. ஆனால் உண்ணக்கூடியது எதிரிலேயே கிடைக்கும்போது, ஒரு கோப்பைத் தேநீர் நூறு ரூபாயா என்று பெருக்கி, தாகத்தோடு விடுதி அறைக்குத் திரும்புகிறவரிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பதினைந்து ரூபாய்த் தேநீர் மாம்பலத்தில் இருக்கிறது; இவர் இருப்பது கியோட்டோவில். அவர் ஒப்பிட வேண்டியது இக்கடைத் தேநீரை எதிர்க்கடைத் தேநீரோடு, அல்லது குடிப்பதைக் குடியாமையோடு.

ஒரு விலக்கை மட்டும் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குக் கொண்டுவரப்போகிற பொருள், இங்கேயும் அதே உருவில் விற்கும் பொருள் (புகைப்படக் கருவி, கைக்கடிகாரம், கைபேசி முதலியவை) வாங்கும்போது பெருக்கித்தான் ஆக வேண்டும்; அங்கே இந்த விலையா அந்த விலையா என்ற கேள்வியின் ஒரு பக்கமே ரூபாயில் இருக்கிறது. ஜப்பானில் அத்தகைய கொள்முதலுக்கு அந்நியப் பிரயாணி 10 சதவீத நுகர்வு வரியிலிருந்து விலக்கும் பெறலாம் என்பதால் கணக்கு இன்னும் சுவாரஸ்யமாகும். பெருக்க விரும்புகிற அன்பர்கள் அந்தக் கடையில் ஆசை தீரப் பெருக்கட்டும். பெருக்கியதோடு, திரும்பி இறங்கும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்கக்கூடிய தீர்வையையும், கருவி பழுதானால் உத்தரவாதச் சீட்டு இந்தியாவில் செல்லுமா என்ற விசாரணையையும் அதே காகிதத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். சேர்த்துப் பார்த்தால் சென்னை ரிச்சி தெருவே மலிவாக இருக்கக்கூடும்.